சுபேதார் ராம்ஜி சக்பால்: படைவீரர், ஆசிரியர், தந்தை

அண்ணல் அம்பேத்கரைப் படிக்க வைத்தவர் யார் என்று நம் இளைஞர்களைக் கேட்டால், பரோடா மன்னர் என்று உடனே விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, எனினும் அது முழு விடையும் அன்று. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகை, மாதம் 25 ரூபாய், அண்ணலுக்குக் கிடைத்தபோது அவர் பம்பாயில் கல்லூரி மாணவராகிவிட்டார். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது எவருடைய உழைப்பு? எவருடைய பணம்? எவருடைய உறக்கம்? இவ்வினாக்களுக்கு விடை தேடின், படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர் நம் கண்முன் வந்து நிற்கிறார். அவரே அண்ணலின் தந்தையார் சுபேதார் ராம்ஜி மாலோஜி சக்பால் ஆவார்.

கல்விக்காகத் தொடங்கப்பெற்ற நம் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அவருடைய வாழ்க்கையை நினைவுகூர்தல் பொருத்தமுடையது என்று கருதுகிறோம். அவர் பெருந்தலைவர் அல்லர். நூல் எழுதிப் புகழ்பெற்றவரும் அல்லர். படையில் பணிபுரிந்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், குடும்பத்தைக் காப்பாற்றினார். இம்மூன்றையும் அவர் செய்த முறையே நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

ஊரும் தொழிலும்

ராம்ஜியின் முன்னோர் ஊர், மராட்டிய நாட்டுக் கொங்கணக் கரையில் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த அம்பவடே என்னும் சிற்றூர். அவர் பிறந்த மகார் வகுப்பினர்க்கு ஊர்ப்பணியே பிறவித் தொழிலாக விதிக்கப்பட்டிருந்தது. எல்லைத் தகராறு வந்தால் சாட்சி கூறுதல், அரசாங்க ஓலையை அடுத்த ஊருக்குச் சுமந்து செல்லுதல், அதிகாரிகளுக்கு வழிகாட்டுதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் ஆகியவை அப்பணியுள் அடங்கும். இரவு பகல் எந்நேரம் அழைப்பினும் வரவேண்டும். இதற்கு ஈடாகக் கிடைத்தது 'வதன்' எனப்படும் சிறு மானிய நிலமும், ஊரார் மனமுவந்து அளிக்கும் தானியமுமே. நம் ஊர்களில் வெட்டியான் வேலையும் தோட்டி வேலையும் எவ்வாறு நம்மவர் தலையில் சுமத்தப்பட்டனவோ, அவ்வாறே அங்கும் நடந்தது.

இத்தளையிலிருந்து வெளியேற அன்று திறந்திருந்த வழிகளுள் பெரியது பட்டாளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகார்கள் பெருமளவில் சேர்ந்தனர். 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரைக் கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற சிறு படையில் அவர்கள் இருந்தனர். அங்கு எழுப்பப்பட்ட நினைவுத் தூணில் உயிர்நீத்த மகார் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கே சென்னைப் படையின் சாப்பர்ஸ், பயனீர்ஸ் பிரிவுகளில் நம் சமுதாயத்தவர் பலர் பணியாற்றியதும் இதே காரணத்தாலேயே ஆகும். அந்நியனிடம் சேவகம் செய்தனரே என்று இன்று எளிதாகக் குறை கூறிவிடலாம். ஊர்ப்பணியில் கூலியும் இல்லை, மதிப்பும் இல்லை. பட்டாளத்திலோ மாதச் சம்பளமும் முதுமையில் பென்ஷனும் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு குறை கூறார்.

ராம்ஜியின் தந்தை மாலோஜியும் படைவீரரே. ராம்ஜி மணந்த பீமாபாயும் தாணா மாவட்டத்து முர்பாடு என்னும் ஊரைச் சேர்ந்த படைவீரர் குடும்பத்தில் பிறந்தவர். இரு குடும்பங்களுக்கும் பட்டாளமே வாழ்வளித்தது.

பட்டாளத்துப் பள்ளி ஆசிரியர்

பட்டாளம் சம்பளத்தோடு மற்றொன்றையும் வழங்கியது, அதுவே கல்வி. சிப்பாய்களும் அவர்தம் மக்களும் எழுத்தறிவு பெறுதற்கென்று படையிலேயே பள்ளிகள் நடைபெற்றன. ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூட ஏற இயலாதவர்கள், பட்டாளத்துப் பள்ளியில் பலகை பிடித்து அமர்ந்தனர். ராம்ஜி அவ்வாறு கற்றவர். கற்றதோடு நில்லாமல், பூனாவில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுத் தாமே ஆசிரியரானார். பதினான்கு ஆண்டுகள் பட்டாளத்துப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். படையில் சுபேதார் என்னும் பதவியையும் எய்தினார். இந்தியர் ஒருவர் அந்நாளில் அடையக்கூடிய உயர்ந்த படைப்பதவிகளுள் அஃதொன்றாகும்.

அவருடைய வீட்டிலும் வெளியிலும் ஒரே ஒழுங்கு நிலவியது. கபீர்தாசரின் நெறியைப் பின்பற்றியவர் ஆதலின், வைகறையில் இறைவழிபாடும் பாடலும் வீட்டில் தவறாமல் நடைபெறும். பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளல் வேண்டும். விலக்கு எவர்க்கும் இல்லை. சாதி வேற்றுமையைச் சாடிய சோதிராவ் பூலேயிடம் அவருக்கு மதிப்பு மிகுதி.

1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவில் மோவ் என்னும் பாசறை ஊரில், ராம்ஜி பீமாபாய் இணையரின் பதினான்காம் குழந்தையாகப் பீமராவ் பிறந்தார். பதினான்கு மக்களுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். பாலாராம், ஆனந்தராவ், பீமராவ் என்னும் ஆண்மக்களும், மஞ்சுளா, துளசி என்னும் பெண்மக்களும் வளர்ந்து நின்றனர். அத்தனை இழப்புகளைக் கண்ட பெற்றோர் உள்ளம் எத்துணைத் துன்பம் அடைந்திருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

மூடப்பட்ட கதவு

ராம்ஜி ஓய்வுபெறும் காலத்தில் ஒரு பேரிடி விழுந்தது. போர்க்குணம் சில சாதிகளுக்கே உரியது, ஏனையோர்க்கு இல்லை என்னும் கொள்கை ஆங்கிலப் படைத்தலைமையிடம் அப்போது வேரூன்றியிருந்தது. 1892 ஆம் ஆண்டையொட்டி, மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மூன்று தலைமுறை கண்ட வழி ஒரே ஆணையால் அடைபட்டது. சம்பளம் போயிற்று, பென்ஷன் போயிற்று, யாவற்றினும் மேலாக, பட்டாளத்துப் பள்ளியும் போயிற்று.

சுபேதார் வாளாவிருக்கவில்லை. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயை அணுகி, அவர் துணையோடு அரசாங்கத்திற்கு விண்ணப்பம் எழுதினார். அவரைப் போலவே படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கரும் இத்தடையை எதிர்த்து முயன்றார். பின்னர் சிவராம் ஜான்பா காம்ப்ளே போன்றோரும் விண்ணப்பங்கள் விடுத்தனர். ஆணை மாறவில்லை. முதல் உலகப் போரின்போது ஆள் தேவைப்பட்டதால் 1917 இல் மகார் படைப்பிரிவொன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. 1941 அக்டோபரில் பெல்காமில் மகார் படையணி நிலையாகத் தோன்றியபோது, அதற்காக வாதாடியவர்களுள் சுபேதாரின் இளைய மகன் முதல்வராக நின்றார். தந்தை எழுதிய விண்ணப்பத்திற்கு விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இங்கு ஒன்றை நாம் கருத வேண்டும். தம் மக்களும் படையில் சேர்ந்து தம்மைப் போல் சுபேதார் ஆவர் என்று ராம்ஜி எண்ணியிருத்தல் இயல்பே. அக்கதவு மூடப்பட்ட பின், அவர் கையில் எஞ்சியவை இரண்டே: மாதம் 50 ரூபாய் பென்ஷன், பதினான்கு ஆண்டுகள் பாடம் நடத்திப் பெற்ற பயிற்சி. இவ்விரண்டையும் தம் மக்களின் கல்விக்கே செலவிடுவதென அவர் முடிவு செய்தார்.

தாயை இழந்த இல்லம்

ஓய்வுக்குப்பின் குடும்பம் கொங்கணத்துத் தாபோலிக்குச் சென்றது. அங்கிருந்து சாத்தாராவுக்கு வந்தது. பென்ஷன் போதாமையால் ராம்ஜி மீண்டும் வேலை தேடிக்கொண்டார். சாத்தாராவில் பீமாபாய் இறந்தார். அப்போது பீமராவுக்கு வயது ஐந்து. முதுகு வளைந்தவரான அத்தை மீராபாய் தாயாக நின்று குழந்தைகளை வளர்த்தார். சில ஆண்டுகளில் ராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். தாயின் நகைகளை வேறொருவர் அணிந்திருக்கக் கண்ட சிறுவன் பீமன் மனம் கசந்தான். தந்தையிடம் கோபம் கொண்டான். பெரியோர் வாழ்வில் பிணக்கே இருந்ததில்லை என்று எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது உண்மையன்று. அவ்வீடும் நம் வீடுகளைப் போன்ற ஒரு வீடே.

1900 நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசாங்கப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் பீமராவ் சேர்க்கப்பட்டார். வகுப்பில் அவர் தனியே அமரவேண்டும். அமர்வதற்குரிய கோணியை வீட்டிலிருந்தே கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகன் தண்ணீர் வார்க்க வேண்டும். அவன் இல்லையேல் தண்ணீர் இல்லை.

அக்காலத்தில் பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலையளிக்க அரசாங்கம் ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. சாத்தாரா மாவட்டத்துக் கோரேகாவ் என்னும் ஊரில் நடந்த அவ்வேலையில் ராம்ஜி காசாளராக இருந்தார். முன்னே கூறிய பீமா ஆற்றங்கரை ஊர் வேறு, இது வேறு. 1901 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குத் தம்மிடம் வருமாறு பிள்ளைகளுக்கு எழுதினார். பீமராவும், தமையனும், இறந்துபோன மூத்த மகளின் பிள்ளைகள் இருவரும் புறப்பட்டனர். அப்பேரப் பிள்ளைகளையும் சுபேதாரே காத்து வந்தார் என்பது கருதத்தக்கது. தந்தை அனுப்பிய பணத்தில் புதுச் சட்டையும், சரிகைத் தொப்பியும், புதுச் செருப்பும் அணிந்து சிறுவர்கள் மகிழ்ச்சியோடு இரயில் ஏறினர்.

மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதத்தைப் பெற்ற வேலையாள் அதைச் சுபேதாரிடம் கொடுக்கத் தவறிவிட்டான். நல்லுடை கண்டு பரிவோடு விசாரித்த நிலைய அதிகாரி, மகார் என்ற சொல்லைக் கேட்டவுடன் பின்வாங்கினார். வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இறுதியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு இசைந்தான். ஆனால் சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், தான் நடந்து வருவேன் என்றான். கையில் சோறு இருந்தது, தண்ணீர் இல்லை. வழியிலிருந்த சுங்கச் சாவடியில் கேட்டும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை. அன்றிரவு பட்டினியோடு உறங்கி, மறுநாளே தந்தையை அடைந்தனர்.

இந்நிகழ்ச்சியை அண்ணல் பிற்காலத்தில் தாமே எழுதி வைத்தார். அதைப் படிக்கும்போது நாம் சிறுவர்களுக்காக வருந்துகிறோம். தந்தையின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசாங்கப் பணத்தை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் அவர். படையில் பதவி வகித்தவர். எனினும், தம் பிள்ளைகளுக்கு வழியில் ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கச் செய்ய அப்பதவியால் இயலவில்லை. புத்தாடையும் அவர்களைக் காக்கவில்லை.

பரேலில் ஓர் அறை

வேலை முடிந்தபின் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஒரு குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையலும் அங்கே; படுக்கையும் அங்கே; அடுப்பு விறகும் அங்கே. பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரு மக்களைப் படிக்கவைக்கப் பென்ஷன் இடந்தரவில்லை. ஆனந்தராவின் படிப்பு நிறுத்தப்பட்டது. அவர் வேலைக்குச் சென்றார். ஒருவர் படிக்க மற்றொருவர் படிப்பை விட்டார் என்னும் இச்செய்தியை நாம் விரைந்து கடந்து போதல் ஆகாது.

அவ்வோர் அறையில் படிப்பதற்குத் தந்தை ஒரு முறை வகுத்தார். மாலையிலேயே மகனை உறங்கச் செய்வார். தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி, மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்த்தி, மகன் கிடந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். இருவர் ஒருங்கே படுக்க இடமில்லாத அறையில் இதனால் இரு பயன் விளைந்தது. அடுத்தவர் அரவம் அடங்கிய நேரத்தில் மகன் படித்தார்; கடிகாரத்தின் வேலையைத் தந்தை செய்தார். பாசறையில் இரவுக் காவல் மாற்றிப் பழகியவர்க்கு இது புதிதன்று போலும்.

பாடத்தையும் அவர் பிறரிடம் விட்டுவிடவில்லை. தர்க்கட்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்களை மகனுக்குத் தாமே கற்பித்தார். தக்க ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்து எழுதும் பழக்கம் அவ்வாறே தொடங்கிற்று. பிற்காலத்தில் உலகம் வியந்த ஆங்கில நடைக்கு முதல் ஆசான் ஒரு சுபேதார் என்பதை நினைத்து நாம் பெருமிதம் கொள்ளலாம். மகன் வடமொழி கற்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். தீண்டப்படாதவர்க்கு அது பள்ளியில் மறுக்கப்படவே, பீமராவ் பாரசீகம் பயின்றார்.

மாலை வேளைகளில் இராமாயணத்தையும் பாரதத்தையும் மக்களைப் படிக்கச் செய்வார். இவற்றை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று மகன் எதிர்த்துக் கேட்டதுண்டு. நாம் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. எளிய நிலையில் தோன்றிய துரோணரும் கர்ணனும் எவ்வளவு உயர்ந்தனர் என்று பார், வால்மீகி எக்குலத்தவர் என்று பார் என்பது தந்தையின் விடை. அவ்விடையை அண்ணல் முற்றும் ஏற்றாரில்லை. ஆயினும் அதில் பொருள் உண்டு என்று பின்னாளில் எழுதினார். கேள்வி கேட்ட மகனைத் தந்தை அடக்கவில்லை, விடையளித்தார். வீட்டில் கேட்கப் பழகிய மகன் பின்னர் நாட்டையே கேட்டார்.

அடகு வைத்த நகை

பீமராவுக்குப் பாடநூல்களோடு நிறைவில்லை; வேறு நூல்களும் வேண்டும். கேட்ட நூலை இல்லையென்று மறுக்கத் தந்தைக்கு மனம் வராது. கையில் பணமும் இராது. அந்நேரத்தில், அக்குளில் தலைப்பாகையை இடுக்கிக்கொண்டு, மணமாகிப் பம்பாயில் வாழ்ந்த இளைய மகளிடம் செல்வார். அவளிடமும் இல்லையெனின் மூத்த மகளிடம் செல்வார். மகளிடம் ரொக்கம் இல்லாதபோது அவள் தன் நகையைக் கழற்றித் தருவாள். அதை மார்வாடியிடம் அடகு வைத்து நூல் வாங்குவார். பென்ஷன் வந்ததும் முதல் வேலையாக நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார். அடுத்த நூலுக்கு மீண்டும் அதே நகை போகும்.

இந்த அடகுக் கடைப் படியில் ஏறி இறங்கிய சுபேதாரையும், நகையைக் கழற்றிய தமக்கையரையும் நாம் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக. அண்ணல் பெற்ற பட்டங்களைப் பட்டியலிடும் நாம், அந்த நகையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

மறுப்பும் மறைவும்

பள்ளியிறுதித் தேர்வில் 1907 இல் பீமராவ் தேறினார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் அறிஞரின் முயற்சியால் பின்னர் பரோடா மன்னரின் உதவி கிடைத்தது. பி.ஏ. பட்டமும் கைகூடியது. உதவி பெற்றமைக்கு நன்றியாகப் பரோடா அரசில் பணியேற்க மகன் விரும்பினார். தந்தை உடன்படவில்லை. அங்கு மகன் எவ்வாறு நடத்தப்படுவார் என்பதை நெடுங்காலப் பட்டறிவால் அவர் உணர்ந்திருந்தார். இளமையின் உறுதியும் முதுமையின் அச்சமும் மோதின. 1913 ஜனவரியில் மகன் பரோடா சென்றார். தங்க இடம் கிடைக்காமல் அல்லலுற்றார். தந்தை அஞ்சியது பொய்க்கவில்லை.

சில நாட்களிலேயே தந்தைக்கு நோய் கடுமை எனத் தந்தி வந்தது. விரைந்து திரும்பிய மகன், வழியில் சூரத்து நிலையத்தில் தந்தைக்கென்று இனிப்பு வாங்க இறங்கினார். அதற்குள் இரயில் புறப்பட்டுவிட்டது. மறுநாளே வீடு சேர முடிந்தது. அவர் வருகைக்காகவே உயிர் தாங்கியிருந்த முதியவர், மகனின் முதுகைக் கையால் தடவினார். பின் அக்கை ஓய்ந்தது. அது 1913 பிப்ரவரி 2 ஆம் நாள். மகன் கடல் கடந்து கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதை அவர் காணவில்லை. அதே ஆண்டு ஜூலையில் மகன் நியூயார்க்கு நகரை அடைந்தார். சட்ட அமைச்சரானதையும், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானதையும் அவர் காணவில்லை. தம் மகன் பி.ஏ. தேறினார் என்பதே அவர் அறிந்து சென்ற பெருஞ்செய்தி.

1923 இல் வெளிவந்த ரூபாயின் சிக்கல் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை அண்ணல் தம் தாய் தந்தையரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

நம் கடமை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது யாது? பெற்றோரே, நீவிர் கற்றவராயின் உம் மக்களுக்கு நீவிரே முதல் ஆசிரியர் ஆகுக. கல்லாதவராயினும், விளக்கேற்றி விழித்திருக்க உம்மால் இயலும். நம் ஊர்களிலும் பட்டாளத்திலிருந்து திரும்பிய பெரியவர்கள் பலர் இருந்தனர், இருக்கின்றனர். பென்ஷன் வாங்கும் அவர்களை நாம் வெறும் கதை சொல்லும் தாத்தாக்களாகக் கருதிவிடலாகாது. அவர்கள் கற்ற எழுத்தும் ஒழுங்கும் நம் இரவுப் பள்ளிகளுக்குப் பயன்படல் வேண்டும்.

இளைஞர்களே, நீங்கள் பெறும் ஒவ்வொரு சான்றிதழிலும் கண்ணுக்குப் புலப்படாத சில கையெழுத்துகள் உள்ளன. படிப்பை விட்டு வேலைக்குப் போன தமையனின் கையெழுத்து அதில் உண்டு. நகையைக் கழற்றிய தமக்கையின் கையெழுத்தும் உண்டு. அக்கடனை நன்றிச் சொற்களால் அடைக்க முடியாது. அது எவ்வாறு அடையும் என்பதை அண்ணலே காட்டினார். நியூயார்க்கிலிருந்து தம் தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பெற்றோர் பிள்ளைகளுக்குப் பிறப்பை மட்டும் தருபவர் அல்லர், அவர்தம் வாழ்வையே உருவாக்க வல்லவர் என்றும், ஆண்மக்களோடு பெண்மக்களையும் படிக்கவைத்தால் நம் முன்னேற்றம் பன்மடங்கு விரையும் என்றும் வலியுறுத்தினார். தமக்கையரின் நகையால் நூல் வாங்கிப் படித்தவர் எழுதிய கடிதம் அது.

ஆகவே, நம் கழகம் வெள்ளிவிழாவைக் கடந்து பொன்விழாவை நோக்கி நடக்கும் இவ்வேளையில் நாம் ஓர் உறுதி ஏற்போம். தம்பி படிப்பதற்காக அண்ணன் படிப்பை விடும் நிலையும், ஆண்பிள்ளை படிப்பதற்காகப் பெண்பிள்ளை நகையையும் படிப்பையும் இழக்கும் நிலையும் நம் உறுப்பினர் வீடுகளில் இனி நேராதவாறு கழகத்தின் உதவி அமையட்டும். சுபேதாரின் பென்ஷனுக்கு எட்டாததை நம் அனைவரின் சந்தா எட்டச் செய்யும். அவருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுத் தூண் அதுவே.